பொட்டலமும் பல்வலியும்

ரோசி பாய்ந்து பிடித்தாள். கையில் மிஞ்சியது ஒரு சட்டைப் பாக்கெட். பாக்கெட்டின் சொந்தக்காரன் படகின் மூக்கு நுனிக்கே தாவிவிட்டான்.

“இன்னொரு எட்டு வெச்சீங்க, மொத்தத்தையும் அப்பிடியே வாயில கொட்டிக்குவேன்! அல்லா மேல ஆணை!”

அவன் வலது கையில் பொட்டலம் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. துணியில் வைத்துத் தைத்து, மேலே சிவப்பு அரக்கு. தையல் நூலின் ஒரு முனை ஏற்கெனவே அவன் பல்லுக்கு இடையில்.

இத்தனை அமளிக்கும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததே தவிர ஆடவில்லை. தண்ணீரில் நிற்கிற படகு என்றால் ஆட வேண்டும். இது சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

“உக்காரு ரோசி. சேலை நனையுது” என்றார் துப்பறியும் தருமன். பிடித்திருந்த குடையைக்கூட அவர் மடக்கவில்லை.

“ஒருத்தன் சாவப் போறான், நீங்க கல்யாண ஊர்வலத்துல வர்ற மாதிரி குடை புடிச்சினு உக்காந்துகிறீங்களே சார்!”

“வெயில் அடிக்குதே.”

வெயில் அடிக்கத்தான் செய்தது. பழவேற்காடு ஏரியின் நட்டநடுவில், உச்சிப் பொழுதில், தலைக்கு மேலே ஒரு காக்கைகூட இல்லை. நாலா பக்கமும் வெள்ளித் தகடு போலத் தண்ணீர். ஆனால் முழங்காலுக்கும் வராத தண்ணீர். அதன் கீழே ஆளை இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும் சேறு. தூரத்தில் பூநாரைகள் குச்சிக் காலால் அந்தச் சேற்றில் ஒய்யாரமாக நடந்துகொண்டிருந்தன. ரோசிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பறவையின் காலைப் பார்த்துப் பொறாமை வந்தது.

படகில் நான்கு பேர். தருமன். அவருடைய உதவியாளர் ரோசி. ராயபுரத்துப் பெண், வாயை வாடகைக்கு விட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று தருமனே சொல்வார். மூக்கு நுனியில் நிற்கிற அப்துல் ஹை. பழவேற்காட்டில் பெயர் சொன்னால் தெரிகிற பழைய வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. பின் பக்கத்தில் நீளக் கழியை ஊன்றிக்கொண்டு படகுக்காரன் பெருமாள். பல்வலி. தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தான். புறப்பட்டதிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையாட்டல், கையாட்டல், மிஞ்சினால் ஒரு முனகல்.

விஷயம் இதுதான். அனுப்பம்பட்டில் ஒருவன், ஆரம்பாக்கத்தில் ஒருவன், இருவருமே வாலிபர்கள், வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனார்கள். இருவருமே பம்பாயிலிருந்து தபாலில் வந்த ‘ஜீரண சூரணம்’ பொட்டலத்தைப் பிரித்தவர்கள். பொட்டலத்துக்குள் இருந்தது சூரணம் இல்லை, பிரௌன் சுகர் என்கிற போதைப்பொடி என்பது செத்தவர்களுக்குத் தெரியும். அதில் வேறு என்னவோ கலந்திருந்தது என்பது தெரியாது.

மூன்றாவது பொட்டலம் ஹையின் பெயருக்கு வந்தது. சாவுச் சேதி கேட்டு மிரண்டவன், பொட்டலத்தோடு ஏரிக்கு அந்தாண்ட இருந்த தீவுக் குப்பத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டான். பயத்தில் பிரிக்கவில்லை; ஆசையில் எறியவில்லை. அவனுடைய அக்கா கரீமா மெட்ராஸுக்கு ரயிலேறி வந்து ரோசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எந்தக் கோலத்துல இருந்தாலும் பரவால்ல. உசுரோட கொண்டாந்து சேர்த்துடு.” அவ்வளவுதான் கேட்டாள்.

காலையில் ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. கரையில் கஸ்டம்ஸ் அதிகாரி காத்திருக்கிறார். ஹை தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. இடையில் இருந்தது இந்த ஏரி ஒன்றுதான். கடல் ஓதம் இறங்கியதில் அது இப்போது படகுக்குக் கீழே வற்றிவிட்டது.

“பெருமாளு, எப்பப்பா தண்ணி ஏறும்?” என்று கேட்டாள் ரோசி.

பெருமாள் சூரியனைக் காட்டினான். பிறகு மேற்கே கையை இறக்கினான். சாயங்காலம்.

“விளங்கிடும்.”

ஹைக்கு மூக்கு ஒழுகியது. கொளுத்துகிற வெயிலில் பல் கிட்டித்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. “முடியல அக்கா. எலும்புக்குள்ள எறும்பு ஊருது. கொஞ்சூண்டு. நகக்கண்ணு அளவு. அப்புறம் நீங்க எங்க கூப்ட்டாலும் வரேன்.”

பெருமாள் முனகினான். ‘பாவம், கொடுத்துவிடுங்களேன்’ என்பதுபோல் கையை விரித்தான். ரோசிக்கே மனம் இளகியது. தம்பி வயதுப் பிள்ளை, கண்ணெதிரே இப்படித் துடிக்கிறானே.

தருமன் குடைக்காம்பை நிதானமாகத் திருப்பினார். “ஹை, ஒரு சந்தேகம். உள்ளூர்லயே சகாதேவன் விக்கிறான். வலைக்கடை போர்டுக்குப் பின்னாடி எல்லாம் கிடைக்கும்னு இந்த ஏரியில மீனுக்குக்கூடத் தெரியும். அவனை விட்டுட்டு ஏன் பம்பாய்க்குப் போனே?”

பேச்சு கொடுக்கிறார் என்று ரோசிக்குப் புரிந்தது. பேசுகிற வாய் பொட்டலம் பிரிக்காது.

“சகாதேவனா?” ஹை துப்பினான். நூல் வாயிலிருந்து விழுந்தது. “பொட்டலத்துல பாதி செங்கல் தூள் சார்.”

“இருந்தாலும் முகம் தெரிஞ்ச ஆளு.”

“அதான் சார் தொல்லையே! அவனுக்கும் என் மொகம் தெரியும்ல? அவன் கடை வாசல்ல நான் செருப்பைக் கழட்டுனா, அடுத்த தொழுகைக்குள்ள கரீமா லாத்தா காதுக்குப் போயிடும். சேட்டுன்னா அப்பிடி இல்ல. பத்திரிகைல விளம்பரம் பாத்து எழுதிப் போட்டேன். தபால்காரர் வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுப்பாரு. வயித்து மருந்துன்னு எங்க வீட்ல வெந்நீர்கூட வெச்சுக் குடுத்தாங்க. சரக்கு படு சுத்தம்.”

“சுத்தம்னு யார்ரா சொன்னது?” என்றாள் ரோசி.

“சேட்டுதான்.”

“எந்த ஊர்லடா இட்லிக் கடைக்காரன் ‘என் இட்லி கல்லு’ன்னு சொல்லிகிறான்?”

ஹைக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே முகம் சுருங்கியது. “செத்தவனுங்க அளவு தெரியாம எடுத்துட்டானுங்க அக்கா. சேட்டு மேல தப்பு இல்ல. இத்தினி நாள்ல ஒரு தபா ஏமாத்துனது கிடையாது.”

“சகாதேவன் செங்கல் தூள் கலப்பான்” என்றார் தருமன். “ஆனா உன்னைக் கொல்ல மாட்டான். கொன்னா, உங்க ஜமாத்து மொத்தமும் அவன் கடை வாசல்ல வந்து நிக்கும். பெண்டாட்டி பிள்ளையோட அவன் எங்க ஓடுவான்? அந்த பயம் அவன் கையைப் பிடிச்சுக்கும். சேட்டு செத்தவன் வீட்டுக்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம். அவன் வாசல் எது? எங்க போய் நிப்பீங்க?”

ஹை நூலை மறுபடி பல்லில் மாட்டினான்.

“சேட்டைப் பார்த்திருக்கியா?” தருமன் அவசரமாகக் கேட்டார்.

“பாத்தது இல்ல. பேசிகிறேன். சரக்கு வர லேட்டாச்சுன்னு கடுதாசி போட்டேன். அவரே எங்க கடைக்கு போன் பண்ணாரு. அனுப்பம்பட்டுக்காரன், ஆரம்பாக்கத்துக்காரன், நானு, மூணு பேருகிட்டதான் பேசுனாராம். பெரிய வாடிக்கைன்னு மரியாதை.”

தருமனின் குடை சுற்றுவதை நிறுத்தியது. “மூணு பேர். அதுல ரெண்டு பேர் இப்ப இல்ல.”

சேற்றில் எங்கோ ஒரு நீர்க்குமிழி ‘பொளக்’ என்று வெடித்தது.

“கஸ்டம்ஸ்காரங்க இந்தப் பக்கம் சுத்த ஆரம்பிச்சதும், குரலைக் கேட்டவங்களா பார்த்துப் போறாங்க பார். முகம் தெரியாம இருக்கிறதுதான் உன் சேட்டோட மூலதனம். அதைக் காப்பாத்திக்கிறான். குரல் எப்படி இருந்தது?”

“தமாஷா இருக்கும் சார். கனமா, தண்டோராக்காரன் மாதிரி ஆரம்பிக்கும். முடிக்கும்போது கீச்சுன்னு பொம்பளைக் குரலா உடைஞ்சுடும். போனை வெச்சுட்டு நானும் எங்க கடைப் பசங்களும் சிரிச்சு...” ஹை நிறுத்திக்கொண்டான்.

“பம்பாய்லேர்ந்து டிரங்க் கால். முதல்ல யார் பேசினது?”

“சேட்டுதான்.”

“அவனேவா? எடுத்த உடனே?”

“ஆமா. ‘ஹலோ, பம்பாய்லேர்ந்து சேட் பேசறான்’னு.”

ரோசி வாய்விட்டே சிரித்துவிட்டாள். “அடப்பாவி! எங்க ராயபுரத்துக்கு வேலூர்லேர்ந்து எங்க மாமா டிரங்க் கால் போட்டாலே, மொதல்ல எக்ஸ்சேஞ்சுப் பொண்ணு வந்து நாலு தபா ‘ஹோல்ட் ஆன்’ சொல்லி, லைன் கட்டாயி, மறுபடி கூப்ட்டு... உனக்கு மட்டும் சேட்டு கொழாய் தொறந்த மாதிரி கொட்டுனானா?”

ஹையின் நெற்றி சுருங்கியது. தருமன் விடவில்லை. “பொட்டலத்தை பம்பாய்ல தபால்ல போட அங்க ஒரு ஆள் இருந்தாப் போதும். பேசினவன் பக்கத்துலதான் இருக்கான். பொன்னேரியிலயே இருக்கலாம். சரக்கு எப்ப வரும்னு கேட்டியே, என்ன சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையையே சொல்லு.”

“‘பொறு பாய். உன் பாடு வரும்போது தன்னால வரும்’னாரு.”

“அதான் வந்துடுச்சே!” என்றாள் ரோசி. “உன் பாடு திண்டாட்டமா ஆகும்னு அப்பவே சொல்லிகிறான், நீ சரக்கு வரும்னு நெனச்சினுகிற.”

“அய்ய, அது இல்ல அக்கா. பாடுன்னா முறை. இந்த ஏரியில நல்ல எடத்துல வலை கட்ட, குப்பத்துல ஒவ்வொரு வூட்டுக்கா முறை வரும். சீட்டுப் போட்டு எடுப்பாங்க. அன்னிக்கு அந்த எடம் அவனுக்கு. அதுக்குப் பேரு பாடு. ரேஷன் கடை க்யூவுல நின்னாகூட இங்க எல்லாரும் ‘என் பாடு வந்துடுச்சு’ன்னுதான்...”

சொல்லிக்கொண்டே வந்தவன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

தருமன் மெதுவாகக் கேட்டார். “பம்பாய்ல எந்த சேட்டு ஹை, பழவேற்காட்டு ஏரியில சீட்டுப் போட்டு வலை கட்டறான்?”

பிறந்தது முதல் கேட்டுப் பழகிய சொல். அதனாலேயே அது அந்நியன் வாயில் வந்தபோது ஹையின் காதில் உறுத்தவே இல்லை. ரோசிக்கு உறுத்தியது, ஆனால் தப்பான அர்த்தத்தில். இரண்டு காதும் சேர்ந்தால்தான் ஒரு உண்மை பிடிபடும் போலிருக்கிறது.

“சகாதேவன்!” ஹை கத்தினான். “அந்த நாய்தான்! நான் அவனை வுட்டுப் போயிடக் கூடாதுன்னு அவனே சேட்டு வேஷம்...”

பின்னாலிருந்து பெருமாள் ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினான்.

“சகாதேவன் நெல்லூர்க்காரன்” என்றார் தருமன். “வலை விக்கிறவன், வலை போடறவன் இல்ல. அவனுக்கு ஏது பாடு? குரல் கீச்சுன்னு உடையவும் உடையாது. நேத்து நானே அவன்கிட்ட நூல்கண்டு பேரம் பேசினேன்.”

“அப்ப யாரு?”

தருமன் குடையைக் கொஞ்சம் உயர்த்தி வடக்கே பார்த்தார். ரோசியும் பார்த்தாள். கழி நட்டு அடையாளம் வைத்த கால்வாய் அங்கே இருந்தது. அதில் படகுகள் தங்கு தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அங்கே தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் பெருமாள் ஏன் இந்தப் பக்கம் ஒதுக்கினான்?

ரோசியின் மண்டைக்குள் காலைக் காட்சி ஒன்று கிளம்பி வந்தது.

குப்பத்திலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு படகு வந்தது. அதிலிருந்த கிழவர் வாயில் கை குவித்துக் கத்தினார்: “இன்னா பெருமாளு, பாட்டை வுட்டுட்டு எங்க நைனா போற?” பெருமாள் கையை மட்டும் ஆட்டினான். ரோசிதான் கலாய்த்தாள்: “ஓகோ, நீ பாட்டெல்லாம் பாடுவியா? பல்வலி போனதும் ஒண்ணு எடுத்து வுடுப்பா.”

பாட்டை விட்டுவிட்டு.

பாட்டு இல்லை. பாடு.

இன்று பெருமாளின் முறை. குப்பமே காத்துக் கிடந்து வாங்குகிற முறையை விட்டுவிட்டு, எவனோ மெட்ராஸ்காரனைக் கரை சேர்க்க ஒருவன் எதற்குப் படகு தள்ள வேண்டும்? புறப்படும்போது கயிற்று முடிச்சு இறுகிக்கொண்டதே, அதைத் துண்டு கட்டிய தாடையோடு பல்லால்தானே கடித்து அவிழ்த்தான்? எந்தப் பல்லால்?

கொலை செய்ய இவன் கையைத் தூக்கக்கூட வேண்டாம். படகைச் சேற்றில் ஏற்றிவிட்டுச் சும்மா நின்றால் போதும். மிச்சத்தை ஹையின் எலும்புக்குள் ஊரும் எறும்பே பார்த்துக்கொள்ளும்.

அவள் தருமனைப் பார்த்தாள். அவர் கண் சிமிட்டினார். ‘இப்போதுதான் வந்தாயா?’ என்று அர்த்தம். வாயைத் திறக்கப் போனவளை விரலசைத்து அடக்கினார். அவர் எதற்காகவோ காத்திருந்தார். எதற்கு என்று வடக்கே பார்த்ததும் தெரிந்தது. கால்வாயிலிருந்து மூன்று படகுகள் பிரிந்து, இவர்களை நோக்கித் திரும்பி, சேற்றின் விளிம்பு வரை வந்துகொண்டிருந்தன. முதல் படகில் அந்தக் கிழவர். பாட்டைப் பாழாக்கிவிட்டுப் போனவனை ஊர் தேடாமல் விடுமா? பெருமாள் அதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணெல்லாம் ஹையின் கையில் இருந்தது.

ஏனென்றால் அந்தக் கை நூலை இழுத்துவிட்டது.

தையல் பிரிந்தது. ஹையின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. “நீங்க சொல்றது எல்லாம் கரெக்டா இருக்கலாம் சார். ஆனா என்னால முடியல. சேட்டு எவனா இருந்தா இன்னா, சரக்கு நல்ல சரக்கு. இத்தினி நாளு நல்லாத்தானே குடுத்தான்?”

இனி பாய்ந்தால் விழுங்கிவிடுவான். பாயாவிட்டாலும் விழுங்குவான். கரீமாவின் கை இன்னும் தன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல ரோசிக்கு இருந்தது.

“சரி” என்றார் தருமன். “எடுத்துக்கோ.”

“சார்!”

“நீ சும்மாரு ரோசி. அவன் வாடிக்கைக்காரன், அவனுக்குத் தெரியும். ஆனா ஹை, ஒரு மனுஷன் காலைலேர்ந்து பல்வலியில துடிக்கிறான். உன் கண்ணுல படலியா? பல்வலிக்கு இதைவிட மருந்து உலகத்துல கிடையாது. ஈறுல ஒரு சிட்டிகை வெச்சாப் போதும். அவனுக்குக் கொடுத்துட்டு நீ சாப்பிடு. நல்ல சரக்குதானே?”

ஹை விழித்தான். பழைய வீட்டுப் பிள்ளை. பசித்தவன் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் உண்டு பழகாத குடும்பம். அந்த வழக்கம் இந்த நிலையிலும் அவனிடம் செத்துப்போயிருக்கவில்லை.

“ஐயோ பாவம்” என்றான். “இந்தாண்ணே. வாயைத் தொற.”

விரலிடுக்கில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, பலகை பலகையாகத் தடுமாறி, பின்பக்கம் நடந்தான். தருமனையும் ரோசியையும் தாண்டினான். பெருமாள் தலையை இடமும் வலமும் ஆட்டினான். கையை ஆட்டினான். கழியை நடுவில் குறுக்கே பிடித்தான்.

“வெக்கப்படாதண்ணே. பம்பாய் சரக்கு. ஒரு நிமிசத்துல வலி பறந்துடும்.”

பெருமாள் பின்வாங்கினான். பின்னால் ஒரு பலகைதான் மிச்சம். அதற்குப் பின்னால் சேறு. இந்தப் படகில் இத்தனை நேரம் பொறிக்குள் இருந்தது யார் என்று ரோசிக்கு அந்த நொடியில்தான் குழப்பம் வந்தது.

ஹையின் இடது கை பெருமாளின் தாடைத் துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. வலது கையின் சிட்டிகை அவன் உதட்டைத் தொட்டது.

“வாணாம்! கிட்ட கொண்டாராத! அதை எடுத்துனு போ!”

தண்டோரா போலக் கனமாகத் தொடங்கிய சத்தம், கடைசி வார்த்தையில் கீச்சென்று கண்ணாடி மாதிரி உடைந்தது. தூரத்துப் பூநாரைகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

ஹையின் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. பழுப்புத் தூள் பலகையில் சிந்தியது. இன்னொரு கையிலிருந்த பொட்டலம் நழுவி, படகின் விளிம்பில் பட்டு, சேற்றுத் தண்ணீரில் ‘பொளக்’ என்று போனது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதருகே இல்லாத ஒன்றைப் பிடித்திருப்பவனைப்போல நின்றான்.

“ஹலோ...” என்றான் மெல்ல. “சேட்டா?”